கேம் திணறுதா? கார்டை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுங்க!

(கணினிப் பக்கம்)



"சுவரிதழ்ல போய் கேம் பத்தியா?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இது கேம் விளையாடச் சொல்லும் கட்டுரை இல்லை. பெரிய கேம் ஒன்று கம்ப்யூட்டரில் படம் சரியாக வராமல் திணறும்போது, கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பாடம். இதில் நம்ம கணக்கும் வருது, வெப்பப் பாடமும் வருது. எல்லாத்துக்கும் மேல வீட்டுப் பணம் வருது. திணறினா உடனே "கார்டு போச்சு, புதுசு வாங்கு" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அது பத்தாயிரத்துக்கு மேல செலவு. அந்தச் செலவு தேவையா, இல்லையா? இதுதான் கேள்வி.

1. திரையில் படம் எப்படி வருது?

சினிமா மாதிரிதான். அசையாத படங்களை வேக வேகமா மாத்திக் காட்டினா, அசையுற மாதிரி தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் பிரேம் என்று பெயர். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். கேமில் 30 இருந்தால் சமாளிக்கலாம், 60 இருந்தால் வழுக்கிக்கிட்டு ஓடும்.

ஆனா சினிமாப் படம் முன்னாடியே எடுத்து வெச்சது. கேம்ல நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பின பிறகுதான் அடுத்த படத்தையே வரைய முடியும். கணக்குப் போட்டுப் பாருங்க:

திரையின் அளவு 1920 × 1080 = 20,73,600 புள்ளிகள்.
நொடிக்கு 60 தடவை என்றால் 20,73,600 × 60 = 12,44,16,000 புள்ளிகள்.

அதாவது ஒரு நொடியில் 12 கோடிக்கு மேல புள்ளிகளுக்கு நிறம் தீட்டணும்! ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் 1 நொடியை 60-ஆல் வகுத்தது, சுமார் 0.0167 நொடி. நாம கண் சிமிட்டுறதுக்குள்ள பல படம் வரைஞ்சு முடிச்சிருக்கும்.

இந்த வேலையை யார் செய்றாங்க? நடவு வயலை நினைச்சுக்கோங்க. வரப்பில் நின்று எங்கே நடணும், எவ்வளவு நடணும் என்று சொல்கிறவர் ஒருத்தர். அவர்தான் பிராசசர் (சிபியு). வயலில் வரிசையா இறங்கி ஒரே நேரத்தில் நடுகிறவர்கள் நிறைய பேர். அவங்கதான் கிராபிக்ஸ் கார்டு (ஜிபியு). ஒவ்வொருத்தர் வேலையும் சின்னது, ஆனா எல்லாரும் சேர்ந்து செய்றதால வயல் சீக்கிரம் முடியும். நாற்று கொண்டு வந்து கொடுக்கிற இடம் ரேம். நாற்று வராட்டி ஆள் இருந்தும் சும்மா நிக்கணும். உச்சி வெயில் ஏறினா எல்லாருக்குமே வேகம் குறையும். இந்த உதாரணத்தை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

உங்களுக்குத் தெரியுமா?

★ ஜிபியு என்ற பெயரைப் பிரபலமாக்கியது 1999-ல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜிபோர்ஸ் 256 கார்டு.
★ 2007 நவம்பரில் கிரைசிஸ் என்ற கேம் வந்தது. செய்தது ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனம். அன்றைய நல்ல கம்ப்யூட்டர்களே அதை முழுத் தரத்தில் ஓட்ட முடியாமல் திணறின. அதற்குப் பிறகு யார் புது கம்ப்யூட்டர் வாங்கினாலும் "இதுல கிரைசிஸ் ஓடுமா?" என்று கேட்பது உலகம் முழுக்க ஒரு கேலிப் பேச்சாகவே ஆனது.

2. நோயும் அறிகுறியும்

காய்ச்சல் என்று போனால் டாக்டர் எடுத்ததும் ஊசி போடுறதில்லை. எப்போ வருது, குளிர் இருக்கா என்று கேட்பார். திருவள்ளுவரும் மருந்து அதிகாரத்தில், நோய் என்ன, அது எதனால் வந்தது என்று பார்த்த பிறகுதான் வைத்தியம் என்கிறார். கம்ப்யூட்டருக்கும் அதேதான்.

அ) முதல்ல நல்லா ஓடி, கால் மணி நேரம் கழிச்சுத் திணறினால்: பெரும்பாலும் சூடு.

ஆ) ஆரம்பத்திலிருந்தே ஒரே சீராக மெதுவா இருந்தால்: செட்டிங்ஸ் கம்ப்யூட்டரின் சக்திக்கு மேல் இருக்கலாம். இல்லன்னா கேம் கிராபிக்ஸ் கார்டைத் தொடவே இல்லை.

இ) நல்லா ஓடிக்கிட்டே இருந்து நடுநடுவே திக்கித் திக்கி நின்றால்: ரேம் நிறைஞ்சிருக்கலாம், கார்டின் சொந்த நினைவகம் நிறைஞ்சிருக்கலாம், ஹார்ட் டிஸ்க் மெதுவா இருக்கலாம். நாற்று வந்து சேரலை என்று அர்த்தம்.

ஈ) படம் குறுக்கே கிழிஞ்ச மாதிரி, மேல் பாதி ஒரு பக்கம், கீழ் பாதி ஒரு பக்கம் தெரிந்தால்: இது கோளாறே இல்லை. கார்டு வரையுற வேகமும் மானிட்டர் காட்டுற வேகமும் ஒத்துப்போகலை. செட்டிங்ஸில் வி-சிங்க் என்பதை ஆன் செய்தால் போதும்.

உ) சத்தம் மட்டும் கேட்டு, திரை கறுப்பாக இருந்தால்: டிரைவர், கேபிள், அல்லது மானிட்டருக்கு ஒத்துவராத திரை அளவு.

ஊ) கலர் கலராகப் புள்ளியும் கட்டமும் கோடும் வந்தால்: டிரைவர் அல்லது சூடு. கேம் திறக்காதபோதும், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் முதல் எழுத்துகளிலேயே அப்படி வந்தால், கேபிளையும் மானிட்டரையும் மாத்திப் பாருங்க. அதுக்கப்புறமும் வந்தால் கார்டிலேயே பழுது இருக்க வாய்ப்பு அதிகம்.

எ) கம்ப்யூட்டரே படக்கென்று அணைந்தால்: பவர் சப்ளை, யூபிஎஸ் அல்லது அதிக சூடு. 600 விஏ யூபிஎஸ் என்றால் 600 வாட் தரும் என்று நினைக்காதீங்க. அதைவிடக் குறைவாத்தான் தரும்.

(டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் இல்லை! விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும் மென்பொருள். ஒரு வகை மொழிபெயர்ப்பாளர்.)

3. சோதனை செய்வது எப்படி?

ஆய்வகத்தில் சொல்லித் தந்த விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது. ஒரே சமயத்தில் டிரைவரையும் மாத்தி, ரேமையும் கழட்டி மாட்டி, செட்டிங்ஸையும் குறைச்சா, எதனால சரியாச்சுன்னே தெரியாது. அடுத்த தடவை வந்தா மறுபடி முதலிலிருந்து முழிக்கணும்.

காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள்:

(1) கேபிளைப் பாருங்க. சிபியு பெட்டியின் பின்னாடி மானிட்டர் கேபிள் மாட்ட இரண்டு இடம் இருக்கும். மதர்போர்டில் ஒன்று, அதற்குக் கீழே கார்டில் ஒன்று. மதர்போர்டில் மாட்டியிருந்தால் பெரும்பாலும் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கார்டு இருக்கும்போது கார்டில்தான் மாட்டணும்.

(2) டாஸ்க் மேனேஜரைத் திறங்க. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். பெர்பாமன்ஸ் பகுதியில் சிபியு, மெமரி, டிஸ்க், ஜிபியு எவ்வளவு வேலை செய்கிறது என்று சதவீதத்தில் காட்டும். விண்டோஸ் 10, 11-ல் தனி கார்டாக இருந்தால் அதன் வெப்பநிலையையும் காட்டும்.

(3) திரை அளவைக் குறைச்சுப் பாருங்க. 1280 × 720 என்றால் 9,21,600 புள்ளிகள்தான், முன்பு இருந்ததில் பாதிக்கும் குறைவு. குறைத்ததும் பிரேம் நல்லா ஏறினால், வேலைப் பளு கார்டின் மேல் இருந்தது என்று அர்த்தம். குறைத்தும் பிரேம் ஏறவே இல்லையென்றால், திணறுவது கார்டு இல்லை, பிராசசர். அப்போ புதுக் கார்டு வாங்கினாலும் பயன் இல்லை! இந்த ஒரு சோதனை மட்டுமே பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

(4) வெளியாட்கள் செய்த மோட் (கூடுதல் வண்டி, கூடுதல் சாலை) எதுவும் போட்டிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்க.

(5) கேமின் கோப்புகளைச் சரிபாருங்க. ஸ்டீமில் இதற்கென்றே வசதி இருக்கிறது. கெட்டுப்போன கோப்பை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளும்.

(6) டிரைவரைக் கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடும்போது கண்ணில் படுகிற "இலவச டிரைவர்" எல்லாம் வேண்டாம், வைரஸ் வரும்.

4. ஒரு நிஜ சோதனை

சிதம்பரத்தில் எங்கள் பெரியம்மா வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அண்ணன் டிப்ளமா சிவில் படிக்கிறார். ஆட்டோகேடில் வரைபடம் போடுவதும் அதில்தான், யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 விளையாடுவதும் அதில்தான். (இது செக் நாட்டு எஸ்.சி.எஸ். நிறுவனம் 2012-ல் வெளியிட்ட லாரி ஓட்டும் கேம். நம்ம ஊர் பஸ் மாதிரியே ரசிகர்கள் செய்த பஸ்களைப் போட்டும் ஓட்டுவார்கள்.) காலாண்டு லீவில் நான் போனபோது அந்தக் கேம் படம் படமாக நின்று நின்று ஓடியது. ஆட்டோகேடிலும் பெரிய வரைபடத்தைத் திருப்பினால் உறைந்து நின்றது.

கடலூரில் ஒரு கடையில் காட்டினார்களாம். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கார்டு அவுட். புதுசு 14,500" என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மாவிடம் சீட்டு எடுத்த பணம் 15,000 இருந்தது. ஆனால் அது அண்ணனின் அடுத்த செமஸ்டர் ஃபீஸ். கார்டு வாங்கினால் ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கணும், வாங்காவிட்டால் வரைபட வேலை நின்றுவிடும்.

"வாங்குறது ரெண்டு நாள் கழிச்சு வாங்குங்க பெரியம்மா. அதுக்குள்ள ஒரு சோதனை பண்ணிப் பார்க்கிறோம்" என்றேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. "தெர்மாமீட்டர் பார்க்கிறதுக்கு ஆம்பள பொம்பள இருக்கா தாத்தா?" என்று பெரியம்மாவே பதில் சொல்லிட்டாங்க.

முதல் சோதனை. கம்ப்யூட்டர் எப்போதும் போல மர அலமாரிக்குள். ஒரே சாலை, ஒரே செட்டிங்ஸ். அண்ணன் ஓட்ட, நான் எழுதினேன்.

தொடக்கம்: 41 டிகிரி, 52 பிரேம்
5 நிமிடம்: 68 டிகிரி, 52 பிரேம்
10 நிமிடம்: 82 டிகிரி, 50 பிரேம்
15 நிமிடம்: 91 டிகிரி, 31 பிரேம்
20 நிமிடம்: 94 டிகிரி, 17 பிரேம்

பார்த்தீங்களா? முதல் 10 நிமிடம் கார்டு நன்றாகவே ஓடுகிறது. நிஜமாவே பழுதான கார்டு என்றால் முதல் நிமிடத்திலேயே ஏன் 52 வரணும்? சூடு ஏற ஏறத்தான் வேகம் இறங்குது. கார்டு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. எந்த டிகிரியில் குறைக்க ஆரம்பிக்கும் என்பது கார்டுக்குக் கார்டு மாறும். உச்சி வெயிலில் நடவு ஆட்கள் நிமிர்ந்து நிற்பது மாதிரிதான். ஆள் சரியில்லை என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது சோதனை. கம்ப்யூட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்தோம். பக்கத்து மூடியைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேன் வைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை.

20 நிமிடம்: 79 டிகிரி, 48 பிரேம்.

காற்று மட்டும்தான் மாறியது, கார்டு அதேதான். அப்படின்னா நோய் கார்டில் இல்லை, சூடு வெளியே போகாததில் இருக்கிறது. நோட்டைக் காட்டினதும் பெரியம்மா பணத்தைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டார்கள்.

5. சூடு ஏன் வெளியே போகலை?

நம்ம பாடத்தில் வருகிற மூன்றும் இதற்குள் இருக்கு. சிப்பிலிருந்து சூடு மேலே உள்ள உலோகத் தகடுகளுக்குப் போவது வெப்பக்கடத்தல். தகடுகளிலிருந்து காற்று எடுத்துக்கொண்டு போவது வெப்பச்சலனம். கொஞ்சம் கதிர்வீச்சாகவும் போகும்.

சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருக்கும். அதில் காற்று இருந்தால் சூடு கடக்காது, ஏன்னா காற்று ஓர் அரிதிற் கடத்தி. அதனால்தான் தெர்மல் பேஸ்ட் என்ற பசையை நடுவில் தடவுகிறார்கள். வருஷக் கணக்கில் ஓடினால் அது காய்ந்துபோகும்.

அண்ணனின் நண்பர் ஒருவருக்கு இந்த வேலை தெரியும். அவரும் அண்ணனும் சேர்ந்து கார்டைக் கழற்றினார்கள். பசை காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. தகடுகளுக்கு நடுவில் தூசி பஞ்சு மெத்தை மாதிரி அடைத்திருந்தது. காற்று போக வழியே இல்லை. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளி, பழைய பசையைத் துடைத்து, புதுசு தடவினார்கள். பசை 180 ரூபாய், பிரஷ் வீட்டில் இருந்தது.

மூன்றாவது சோதனை. மூடியை மாட்டி, கம்ப்யூட்டரைத் திறந்த மேஜையில் வைத்து ஓட்டினோம்.

20 நிமிடம்: 74 டிகிரி, 51 பிரேம்.

14,500 எங்கே, 180 எங்கே! ஆட்டோகேடும் இப்போது உறைவதில்லை. ஃபீஸும் கட்டியாச்சு.

நம்ம ஊர்க்காரங்க இதைக் கவனிக்கணும். தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை மாதிரி கடலோரத்தில் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். ஈரத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும், உப்பு உலோகத்தை அரிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுத்தம் செய்வது நல்லது. துணி போட்டு மூடுகிறவர்கள், ஆன் செய்யும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

6. எதைக் குறைத்தால் பலன் அதிகம்?

சுத்தம் செய்தும் கொஞ்சம் திணறினால் செட்டிங்ஸைக் குறைக்கலாம். எல்லாவற்றையும் குறைக்க வேண்டாம். முதலில் நிழல். சூரியனிலிருந்து பார்த்தால் எது எதை மறைக்கும் என்று கார்டு தனியாகக் கணக்குப் போடணும். அடுத்து கண்ணாடி. லாரி கேமில் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் சாலை தெரியும் இல்லையா, அதற்காகக் காட்சியை இன்னொரு தடவை வரையணும். மூன்றாவது புல், செடி, மரத்தின் அடர்த்தி. இந்த மூன்றையும் ஒரு படி இறக்கினாலே வித்தியாசம் தெரியும்.

டெக்ஸ்சர் என்பது சுவர், சாலை மேல் ஒட்டும் படம். கார்டின் நினைவகம் போதுமானதா இருந்தால் அதைக் குறைத்துப் பெரிய லாபம் இல்லை. நினைவகம் நிறைஞ்சு திக்கினால் மட்டும் குறையுங்கள்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதில் அண்ணன், அக்காமார் வாங்கிய லேப்டாப் பலர் வீட்டில் இருக்கும். அவை படிப்புக்காகத் தந்தவை, பெரும்பாலும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. படம் வரையும் பகுதியும் பொது ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும். அதில் பெரிய கேம் திணறினால் அது பழுது இல்லை. சைக்கிளில் நெல் மூட்டை பத்து ஏற்றக்கூடாது, அவ்வளவுதான்.

7. கேம் மேலேயே தப்பு இருந்தால்?

அதுவும் நடந்திருக்கு. 2015 ஜூன் 23 அன்று பேட்மேன்: ஆர்க்கம் நைட் என்ற கேம் வந்தது. விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களிலும் திக்கித் திணறியது. புகார் குவிந்ததால், வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் நிறுவனமே ஓரிரு நாளில் கம்ப்யூட்டர் பதிப்பின் விற்பனையை நிறுத்தி, சரிசெய்து அக்டோபர் மாதக் கடைசியில்தான் மறுபடி விற்றது. ஆகவே புதுக் கேம் ஒன்று மட்டும் திணறி, மற்றதெல்லாம் நன்றாக ஓடினால், அவசரப்பட்டு எதையும் வாங்காதீங்க. நிறுவனம் திருத்தம் வெளியிடும் வரை பொறுத்துப் பாருங்க.

8. எச்சரிக்கை!

* பெட்டியைத் திறக்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள்.
* உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும்.
* பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எப்போதும் திறக்காதீங்க. பிளக் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி இருக்கும்.
* தூசி தட்டும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.
* வீட்டில் பெரியவர்கள் இல்லாதபோது செய்யாதீங்க.

முடிவாக...

நிஜமாவே கார்டு பழுதாகியும் இருக்கலாம், அப்போ வாங்கித்தான் ஆகணும். ஆனா அதைச் சோதனை சொல்லணும், அவசரம் சொல்லக்கூடாது. ஒரு நோட்டு, ஒரு பேனா, இருபது நிமிஷம். இவ்வளவுதான் செலவு. ஃபேன் ஓடலையா, மோட்டார் தண்ணி எடுக்கலையா, இதே வழிதான்: எப்போ வருது என்று பார், ஒன்றை மட்டும் மாற்று, எழுதி வை, பிறகு முடிவு செய்.

யோசித்துப் பாருங்கள் (விடை அடுத்த இதழில்):

1. திரை அளவு 3840 × 2160 என்றால், 1920 × 1080-ஐப் போல் எத்தனை மடங்கு புள்ளிகள்?
2. நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு படம் வரைய எவ்வளவு நேரம் கிடைக்கும்?
3. மூடியைத் திறந்து ஃபேன் வைத்தும் 20-ஆவது நிமிடத்தில் 17 பிரேமே வந்து, வெப்பநிலை மட்டும் 60 டிகிரி என்று இருந்திருந்தால், நீங்கள் அடுத்து எந்தச் சோதனையைச் செய்வீர்கள்? ஏன்?



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி